எங்க ஏரி மண்ணுல யுரேனியமாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குப்பம் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல இருந்து எழுதறேங்க. ஆந்திராவுல இருந்தாலும் வீட்ல பேசறது தமிழ், படிக்கறது உங்க பேப்பர், பஸ்ஸுல வர்ற கட்டு எங்க டீக்கடைக்கு வந்து சேர்றதுக்குள்ள மணி ஒன்பதாயிடும். போன வாரம் ‘ஏரி மண்ணில் யுரேனியம்?’னு ஒரு துண்டுச் செய்தி போட்டிருந்தீங்க, நீங்க போட்ட அந்த கேள்விக்குறியை இங்க ஒருத்தரும் பாக்கல. அன்னிக்கு சாயங்காலமே போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல விட்டுட்டாங்க, எந்த ஏரின்னே அதுல இல்ல, ஆனா எங்க ஊர் ஏரிதான்னு முடிவே பண்ணிட்டாங்க.

நான் ஏரி வண்டல் எடுத்து ராகி நிலத்துக்கும் மல்பெரி தோட்டத்துக்கும் அடிக்கறவன். ரெண்டு லோடு கொட்டியாச்சு, மூணாவது லோடு போறப்ப பக்கத்து நிலத்து பெரியப்பா டிராக்டர் முன்னாடி வந்து நின்னு, "டேய், அந்த அணுகுண்டு மண்ணை எங்க வரப்போரம் கொட்டாத, பட்டுப்புழு செத்துப்போயிடும்"னுட்டாரு. அவர்கிட்ட சொன்னதையே இங்கயும் சொல்றேன்.

யுரேனியம் இல்லாத மண்ணே கிடையாதுங்க. சாதாரண மண்ணு, பாறை ஒரு டன்னுல சுமாரா 3 கிராம் இருக்கும், கிரானைட்டுல இன்னும் கொஞ்சம் கூட. ஒரு லோடு 3 டன்னுன்னு வெச்சா எட்டு ஒம்பது கிராம் ஆச்சு, அந்த மண்ணுலதான் தாத்தா காலத்துல இருந்து ராகி விளையுது.

ஏரியில அது சேர்றது எப்படின்னா, பாறை மேல ஓடி வர்ற மழைத்தண்ணியில காத்து கலந்திருக்கு, அதுல யுரேனியம் கரையும். ஏரிக்கு அடியில இலை தழை மக்கி, கால் வெச்சா முழங்கால் வரைக்கும் உள்ள போகுமே ஒரு கருப்பு சேறு, கிளறினா அழுகின முட்டை நாத்தம் வரும், அந்த நாத்தம் வருதுன்னாலே உள்ள ஆக்சிஜன் இல்லன்னு அர்த்தம். அங்க வந்ததும் யுரேனியம் கரையாத ரூபத்துக்கு மாறி சேத்துலயே ஒட்டிக்கும். கனடாவுல 1970கள்ல ஹெலிகாப்டர்ல போய் ஏரி ஏரியா குழாய் இறக்கி இந்த சேத்தை எடுத்துதான் பக்கத்துல எங்க தாது இருக்குன்னு தேடினாங்க. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு சதுப்புப் பள்ளத்துல தோண்டி எடுக்கற அளவுக்கே சேர்ந்திருக்கு, ஆனா அது வருஷம் பூரா காயாத சதுப்பு, பனிக்கட்டி உருகின காலத்துல இருந்து ஆயிரக்கணக்கான வருஷமா சேர்ந்தது. எங்க ஏரி சித்திரை வந்தா பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும், காத்து உள்ள போயிடுச்சுன்னா புடிச்சு வெச்சது மறுபடி கரைஞ்சு போகும், அந்த அளவுக்கு எங்க சேர்றது?

கடப்பா ஜில்லா தும்மலப்பள்ளியில சுரங்கம் இருக்குதேன்னு கேப்பாங்க. இருக்கு, அது சுண்ணாம்பு வகைப் பாறைக்குள்ள இருக்கற தாது, ஏரி மண்ணு இல்ல. அந்த தாதுலயே டன்னுக்கு அரை கிலோ தேறாது.

இப்ப என் கோவம் என்னன்னா, வண்டலைப் பாத்து பயப்படற இதே ஆளுங்க ஆயிரம் அடி போர் போட்டு அந்த தண்ணியை அப்படியே குடிக்கறாங்க. கிரானைட் வெடிப்புல வருஷக்கணக்கா நிக்கற தண்ணி, அதுல இருக்கற பைகார்பனேட் யுரேனியத்தைக் கரைச்சு வெச்சுக்கும், நாம கொட்டற யூரியாவுல இருந்து இறங்கற நைட்ரேட்டும் அதுக்குத் துணை. குடிதண்ணி லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்தான் இந்திய தர நிர்ணய அமைவனத்தோட அளவு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 60ன்னு வெச்சிருக்கு. அதுக்கு மேல போனா கதிர்வீச்சை விட கிட்னிக்குத்தான் முதல் கேடு. காய்ச்சினா போகாது, தண்ணி சுண்டி இன்னும் கெட்டியாத்தான் ஆகும், ஆர்ஓ போட்டா பெரும்பகுதி போயிடும்.

அதனால அடுத்த தடவை போடறப்ப எந்த ஏரி, யாரு எடுத்த மண்ணு, டன்னுக்கு எத்தனை கிராம்னு சேர்த்துப் போடுங்க. எங்க ஊர் போர் தண்ணியை ரெண்டு லிட்டர் பாட்டில்ல புடிச்சு வெச்சிருக்கேன், பஞ்சாயத்துல கேட்டா உப்பும் ஃப்ளோரைடும்தான் பாப்போம்னு சொல்லிட்டாங்க. யுரேனியம் டெஸ்ட் எங்க பண்றாங்கன்னு உங்க நிருபருக்குத் தெரிஞ்சா அதையும் ஒரு வரி போடுங்க. மீதி வண்டல் ஏரியிலயே கிடக்குது, மழை வர்றதுக்குள்ள அடிச்சாகணும்.

இப்படிக்கு,
ஒரு ஏரிப்பாசன விவசாயி,
குப்பம் பக்கம், சித்தூர் ஜில்லா