வெள்ளையம்மாவை இனி இணை சேர்ப்பதில்லை

கொடுங்கையூர், சென்னை
தை மாதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதித்ததற்குச் சோம்பல் காரணமன்று. நீ கேட்டதற்கு இல்லை என்று எழுத வேண்டியிருந்தது. அதனால்தான் ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பெரம்பூர் கேரேஜில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே ஷெட்டில் வேலை பார்த்த நமக்குள் சுற்றி வளைத்துப் பேசுவது நன்றாக இராது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீ கேட்டபடி உன் நாய் ராசாவோடு மட்டுமல்ல, வேறு எந்த நாயோடும் என் ராஜபாளையம் நாய் வெள்ளையம்மாவை இனி இணை சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கருப்பையை அகற்றும் அறுவைக்கு வேப்பேரிக் கால்நடை மருத்துவமனையில் நாளும் குறித்தாயிற்று.

காரணத்தை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அது உன் ராசாவையும் தொடுகிறது.

சென்ற ஈற்றைப் பற்றி நான் உனக்கு ஒரு வரி மட்டுமே எழுதியிருந்தேன். ஆறு குட்டிகள், தாயும் நலம் என்று. அதற்கு முந்தைய புரட்டாசியில் அவள் பருவத்துக்கு வந்தபோதே இரண்டு பேர் கேட்டார்கள். இணை சேர்ந்து ஏறக்குறைய 63 நாளில் குட்டி போடும் என்ற கணக்கைப் பார்த்தால் அது கார்த்திகை மழையில் வந்து விழும். எங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதை 2023 மிக்ஜாம் புயலில் பார்த்துவிட்டேன். பிறந்து இரண்டு மூன்று வாரம் வரை தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத குட்டிகளை அந்த ஈரத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்தப் பருவத்தை விட்டுவிட்டேன். பங்குனியில் மறுபடியும் வந்தபோது, ரத்தம் எடுத்து, கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமி இருக்கிறதா என்று சோதனை செய்து, மருத்துவரிடம் காட்டிய பிறகே இணை சேர்த்தேன். இத்தனை எச்சரிக்கையும் தாய் விஷயத்தில்தான். தகப்பன் விஷயத்தில் நான் ஏமாளி. செங்குன்றம் பக்கத்து நாய் அது; உடம்பில் ஒரு பொட்டு நிறம் கிடையாது, பால் வெள்ளை, மூக்கு ரோஜா இதழ் மாதிரி இருக்கும். அதன் மூக்கைப் பார்த்தேனே தவிர, அதற்குக் காது கேட்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

வைகாசிக் கடைசியில் குட்டி போட்டாள். முதல் நாள் காலை அவளுடைய உடல் வெப்பம் 99 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தது, இன்னும் ஒரு நாளுக்குள் என்று தெரிந்துகொண்டு வீட்டில் இருந்துவிட்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. தினமும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து நோட்டில் எழுதினேன். பத்தாம் நாளுக்குள் எல்லாமே பிறந்த எடையைப் போல் இரு மடங்காகியிருந்தன.

நான்காம் வாரத்தில் ஒரு சாயங்காலம். ஆறும் பால் குடித்துவிட்டுக் கூடத்து மூலையில் கோணிமேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்குகின்றன. என் மனைவி அடுக்களையிலிருந்து வரும்போது கை நழுவி எவர்சில்வர் தாம்பாளம் கீழே விழுந்தது. அது விழுந்த சத்தத்துக்கும், விழுந்த பிறகு சுற்றிச் சுற்றி அடங்கிய சத்தத்துக்கும் ஐந்து குட்டிகள் பதறி எழுந்து ஆளுக்கொரு பக்கம் ஓடின. ஆறாவது மட்டும் கிடந்தபடியே கிடந்தது. வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. நாய்க்குட்டிக்கு இரண்டு வார அளவில் காது திறந்துவிடும். நான்கு வாரத்தில் தாம்பாளச் சத்தம் கேட்காமலிருக்க வழியில்லை. அடுத்த மூன்று நாளும் அது முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, என் நிழலோ காற்றோ மேலே படாதபடி எட்டி நின்று, சாவிக்கொத்தை ஆட்டினேன், விசில் அடித்தேன், கைதட்டினேன். ஒரு முறைகூடக் காது அசையவில்லை. ஆனால் தரையில் காலால் ஓங்கித் தட்டினால் மட்டும் உடனே திரும்பிப் பார்த்தது.

1903-இலிருந்து இருக்கும் அந்த வேப்பேரிக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மருத்துவர் சொன்ன விளக்கம் எனக்குப் புதிது. தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் உட்காதிலும் இருக்க வேண்டுமாம். ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களை உயிரோடு வைத்திருக்கும் ரத்த ஓட்டம் அவற்றை நம்பித்தான் நடக்கிறது. வெள்ளை நிறத்துக்கென்றே பொறுக்கி வளர்த்த நாய்களில் சிலவற்றுக்கு அந்தச் செல்கள் உட்காதுவரை போய்ச் சேர்வதில்லை. அப்போது பிறந்த சில வாரங்களிலேயே நுண்மயிர்ச் செல்கள் செத்துவிடுகின்றன. செத்தது செத்ததுதான், மருந்து கிடையாது. அவர் அதோடு விடவில்லை. "மற்ற ஐந்துக்கும் கேட்கிறது என்றா சொன்னீர்கள்? ஒரு காது கேட்டாலே கைதட்டலுக்குத் திரும்பிப் பார்க்கும். ஒற்றைக் காது செவிடை வீட்டுச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது, தலையில் மின்முனை பொருத்தி மூளைத்தண்டின் அலையைப் பதிவு செய்தால்தான் தெரியும்" என்றார். ஒற்றைக் காதோடு ஒரு நாய் நன்றாகவே காவல் காக்கும். ஆனால் அதற்குக் குட்டி பிறந்தால் அந்தக் குறை குட்டிக்கும் இறங்கலாம். ஆக, குட்டி வாங்கிய ஐந்து வீட்டாரிடமும் இதைச் சொல்லி, இணை சேர்க்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டேன். ஒருவர் மட்டும் முகம் சுளித்து விலையைக் குறைக்கச் சொன்னார், குறைத்துக்கொண்டேன்.

இப்போது உன் ராசாவுக்கு வருகிறேன். அவனும் அதே பால் வெள்ளை, அதே சிவப்பு மூக்கு. நீ அதைப் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறாய். 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, ராஜபாளையம் நாய் இருந்த தலையை உறையில் ஒட்டி நீ அனுப்பிய கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்; அன்றைக்கு நானும் அந்த வெள்ளையில்தான் மயங்கினேன். ஆனால் உங்கள் ஊர்ப்பக்கம் அந்தக் காலத்தில் புள்ளியோடும் கறுத்த மூக்கோடும் பிறந்த குட்டிகளைப் பிறந்த அன்றே கழித்துவிடுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். காது நன்றாகக் கேட்கக்கூடிய குட்டிகளாகப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகக் கழித்திருக்கிறோம் என்று இப்போது படுகிறது. பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்த நாயைக் கண்காட்சிக்கு வளர்க்கத் தொடங்கியதால் வந்த வினை இது என்பது என் கருத்து. நீ ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ ஏதோ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. வெள்ளையம்மாவை எனக்கு வாங்கிக் கொடுத்தவனே நீதான். அவளுக்கும் ராசாவுக்கும் தகப்பன் ஒன்று, தாய்தான் வேறு. அப்படிப்பட்ட இரண்டுக்குப் பிறக்கும் குட்டியின் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு இரட்டைப் பிரதியாக அந்த ஒரே தகப்பனுடையதாக இருக்கும் என்பது கணக்கு. அக்காள் மகளைக் கட்டிக்கொள்வதில் வரும் நெருக்கமும் இதே அளவுதான். நம் வீடுகளில் செய்யாததா என்று நீ சிரிப்பாய். செய்தோம், அதன் பலனையும் இரண்டொரு வீட்டில் பார்த்தோம். மேற்கொண்டு எழுத வேண்டாம்.

வீடு பார்த்துக் கொடுத்த கதையைக் கேட்டிருந்தாய். அதில் என் பழைய பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் ஈற்றில் ஒரு ஆண் குட்டியை, நம்மோடு வேலை பார்த்த ஒருவருடைய மகனுக்குத் தட்ட முடியாமல் கொடுத்தேன். பெரம்பூரில் நான்காம் மாடி. டைசன் என்று பெயர் வைத்தார்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை அது பால்கனிக் கம்பியில் கட்டுண்டு கிடந்திருக்கிறது. மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை ஒரு குட்டி யாரையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அவர்களைத்தான் பிறகு அச்சமில்லாமல் ஏற்கும். அந்தக் காலத்தில் அது பார்த்ததெல்லாம் எதிர் வீட்டுச் சுவர். எட்டாம் மாதத்தில் சாப்பாடு கொண்டுவந்த பையனைக் கடித்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனார்கள். கழுத்தைச் சுற்றிச் சங்கிலி உரசி ஒரு விரல் அகலத்துக்கு ரோமமே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாடியைப் பார்த்த பிறகும் கொடுத்தவன் நான்தானே. ஆறு மாதம் என்னோடு வைத்திருந்து, தெருவில் கூட்டிப்போய் மனிதர் வாடைக்குப் பழக்கி, பொன்னேரிக்கு அப்பால் ஆடு வளர்க்கும் ஒருவரிடம் ஒப்படைத்தேன். இப்போது இரவெல்லாம் பட்டியைச் சுற்றி வருகிறானாம். பெயரையும் மாற்றிவிட்டார்கள், கருப்பசாமி என்று கூப்பிட்டால் வருகிறான், உடம்பு முழுக்க வெள்ளை!

அதிலிருந்து முறையை மாற்றிக்கொண்டேன். இந்த முறை இணை சேர்ப்பதற்கு முன்பே நான்கு வீடுகளை நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்திருந்தேன். மதில் எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள் என்று பெண் பார்க்கப் போனவன் போலக் கேட்டேன்; சிலருக்கு அது பிடிக்கவில்லை. மாதவரத்தில் ஒரு லாரி ஷெட்காரர் இரண்டு குட்டி ஒன்றாகக் கேட்டார், நல்ல விலையும் சொன்னார். ஏற்கெனவே அங்கிருந்த நாய் பகல் முழுக்கச் சங்கிலியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். கொளத்தூரில் மீன் கடையோடு குட்டியும் விற்கும் ஒருவர், முப்பதாம் நாளே ஐந்தையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டுக்கே ஆள் அனுப்பினார். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது என்றேன். வந்த பையன், "எல்லாரும் அப்படித்தான் சார் குடுக்குறாங்க" என்றான். அவன் சொன்னது பொய்யும் அன்று.

குப்பைமேட்டுப் பக்கம் திரியும் தெருநாய்களால் எங்கள் பகுதியில் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் அடிக்கடி வரும் என்பதால், ஆறாவதை மருத்துவரிடம் தூக்கிப்போனதைத் தவிர, முதல் ஊசி போடும்வரை ஒரு குட்டியையும் வாசல் தாண்ட விடவில்லை. பார்க்க வந்தவர்களையும் கால் கழுவச் சொல்லித்தான் உள்ளே விட்டேன். இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து கொடுத்தேன். ஒன்பதாம் வாரத்தில் ஐந்தும் கிளம்பின. ஒன்று மீஞ்சூர் மாந்தோப்புக்கு, ஒன்று காசிமேட்டில் படகு பழுது பார்க்கும் பட்டறைக்கு, இரண்டு திருவள்ளூர்ப் பக்கத்துப் பண்ணைகளுக்கு, கடைசி ஒன்று கருப்பசாமியிடமே. வளர்க்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று பத்திரத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். நீதிமன்றத்தில் அது எவ்வளவு செல்லுமோ தெரியாது. திருப்பிக் கொண்டுவர ஒரு வாசல் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஆறாவதை யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் பெயர் மௌனி, பேத்தி வைத்தது. கையை உயர்த்தினால் உட்காருகிறாள், உள்ளங்கையைக் கீழே காட்டினால் படுக்கிறாள், கூடத்து விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டால் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். கயிறு இல்லாமல் தெருவுக்கு மட்டும் அவளை விட முடியாது. வண்டி வருவது தெரியாது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ராசாவை எங்காவது இணை சேர்ப்பதானால் முதலில் அவன் காதைச் சோதித்துவிடு. தூங்கும்போது பின்னாலிருந்து தட்டைப் போட்டுப் பார்ப்பது முதல் படிதான். அதில் தேறினாலும் மருத்துவரிடம் கேட்டு மின்முனைச் சோதனை எங்கே செய்கிறார்கள் என்று விசாரி. பெண் நாய் தேடும்போது, காதோரம் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் அதையே தேர்ந்தெடு. ஊரில் நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். அப்படிப் பிறக்கும் ஈற்றில் புள்ளியோடு ஒரு பெண் குட்டி இருந்தால், யாரும் வேண்டாம் என்றால், எனக்கு எழுது. மீஞ்சூர் தோப்புக்காரர் துணைக்கு இன்னொன்று கேட்டிருக்கிறார், நிறத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

மாசியில் பொதிகை ரயிலில் வருவதாக எழுதியிருக்கிறாய். கட்டாயம் வா, நான்கு நாளாவது தங்குகிறாற்போல வா. அறுவை முடிந்து வெள்ளையம்மாவும் அதற்குள் தேறியிருப்பாள். ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள்: மௌனி பெரும்பாலும் கதவுக்குப் பின்னால்தான் தூங்குவாள், தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடித்துவிடுவாள். உள்ளே வருவதற்கு முன் வாசற்படியில் காலை ஓங்கி இரண்டு முறை தட்டு.

அன்புடன்,
உன் பழைய ஷெட் நண்பன்