ஹாரோவில் பார்க்க ஒன்றுமில்லை என்ற மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

லண்டனின் வடமேற்குப் புறநகரான இந்த ஊரைப் பற்றி, "ஹாரோவில் என்ன இருக்கு? ஒரே அச்சில் வார்த்த வீடுகளும் எங்கட ஆக்களின்ர கடைகளும்தானே" என்று சொல்லிவிட்டீர்கள். சரித்திரம் படிப்பித்த வாய் அப்படிச் சொல்லலாமா? மகள் வேலைக்குப் போன பிறகு வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பதை விட்டு, மழையில்லாத ஒரு நாளை ஒதுக்குங்கள். முழங்கால் நோவையும் கணக்கில் எடுத்தே வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஹாரோ என்ற பெயரில் ரயில் நிலையங்கள் பல. ஹாரோ ஆன் த ஹில், ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன், வடக்கு ஹாரோ, தெற்கு ஹாரோ, மேற்கு ஹாரோ. "ஹாரோ ஸ்டேஷன்" என்று மட்டும் கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவார்கள். நீங்கள் தொடங்க வேண்டியது மெட்ரோபொலிட்டன் பாதையில் உள்ள ஹாரோ ஆன் த ஹில். பெயரில் மலை இருக்கிறது, நிலையமோ அடிவாரத்தில். கடைத்தெருப் பக்கம் போகாமல் லோலண்ட்ஸ் ரோட்டுப் பக்கம் வெளியேறினால் மலை எதிரே நிற்கும்.

மலை என்றாலும் கடல் மட்டத்திலிருந்து 124 மீட்டர்தான். யாழ்ப்பாணத்தாருக்கு அது மலைதான்! அடியில் லண்டன் களிமண், உச்சியில் மணல் கலந்த படிவம். மழை பெய்த மறுநாள் புல்வெளிப் பாதை வழுக்குவது அந்தக் களிமண்ணால். அன்றைக்குத் தார் ரோட்டையே பிடியுங்கள். ஏறவே முடியாது என்றால் 258ஆம் இலக்க பஸ் மலைக்கு மேலே போகும்.

கோயிலுக்கு நடந்து போகத் தூரம் என்று குறைப்பட்டீர்களே, இந்த ஊரின் பெயரே கோயில்தான். பழைய ஆங்கிலத்தில் 'ஹெயர்க்' என்றால் கிறிஸ்தவத்துக்கு முந்திய வழிபாட்டிடம். 767ஆம் ஆண்டில், மெர்சியா என்ற பழைய ஆங்கிலேய நாட்டின் அரசன் ஓஃபா எழுதிக் கொடுத்த நிலசாசனத்தில் 'குமெனிங்க ஹெர்கெ' என்று வருகிறது. குமெனிங்கர் என்ற குலத்தாரின் கோயில் என்று பொருள். அது எந்த மண்ணில் நின்றது என்பதற்குத் தடயம் எதுவும் அகப்படவில்லை. உச்சியில் இன்று நிற்பது புனித மேரி தேவாலயம். கன்டர்பரிப் பேராயர் லான்ஃபிராங்க் 1087இல் கட்டத் தொடங்கியதை, 1094இல் அவருக்குப் பின் வந்த பேராயர் ஆன்செல்ம் அபிஷேகம் செய்தார். கோபுரத்தின் கீழ்ப்பகுதி அந்த நார்மன் காலத்தது. மேலே ஈயத் தகடு போர்த்திய கூம்பு சுமார் 1450இல் வந்தது. சுற்றுப்புறம் எங்கிருந்தும் தெரிவதால் வழி தவறினால் அதை நோக்கி நடந்தாலே போதும்.

தேவாலயத்துக்குள் போகுமுன் கல்லறைகளுக்கு நேரம் கொடுங்கள். ஜான் பீச்சி என்பவரின் கல்லறை இரும்புக் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும். பள்ளிக்கூட நாட்களில் கவிஞர் பைரன் அதன் மேலே படுத்துக் கனவு கண்டதால், பின்னால் வந்த ரசிகர்கள் ஞாபகத்துக்கென்று கல்லைக் கொத்தத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் கூண்டு. அங்கிருந்து மேற்கே பார்த்தால் நிலம் விரிந்து கிடக்கும். பைரனின் மகள் அல்லெக்ராவும் இங்கேதான். 1822இல் இத்தாலியில் 5 வயதில் இறந்த பிள்ளை. மணம் முடிக்காத தாய்க்குப் பிறந்தவள் என்பதால் நினைவுக்கல் வைக்க அன்று தேவாலயத்தார் இணங்கவில்லை. தெற்கு வாசல் அருகே உள்ள பலகை 1980இல்தான் வந்தது.

உங்களுக்காக நான் தேர்ந்தெடுத்த கல்லறை இவை இரண்டும் அல்ல, தோமஸ் போர்ட் என்ற ரயில் கார்டுடையது. ரயில் இந்தப் பக்கம் ஓடத் தொடங்கியது 1837இல். அடுத்த ஆண்டு, 1838 ஆகஸ்ட் 7 அன்று, ரயிலில் இருந்து தவறி விழுந்த போர்ட்டின் இரண்டு கால்களும் துண்டாயின. வயது 33. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரத்தம் போய் இறந்தார் என்று கல்லே சொல்கிறது. அதோடு விடவில்லை, செய்யுளும் எழுதியிருக்கிறார்கள்: காலையில் உற்சாகமாய் எழுந்தான், நண்பகலுக்குள் சிதைந்த உடலாய்த் தூக்கி வந்தார்கள், மாலையில் பிணமானான் என்ற போக்கில். எங்கள் ஊர்க் கல்வெட்டுகளில் 'இறைவனடி சேர்ந்தார்' என்று முடித்துவிடுவோம். இங்கே நேரவாரியாக அறிக்கை. ரயில் அவ்வளவு புதிது. அது ஆளைக் கொல்லும் என்பது கல்லில் பொறிக்க வேண்டிய செய்தியாக இருந்திருக்கிறது.

கீழே இறங்கினால் ஹாரோ பள்ளி. ஜான் லயன் என்ற விவசாயி 1572இல் எலிசபெத் அரசியிடம் சாசனம் பெற்றுத் தொடங்கியது. சர்ச்சில் 1888இல் சேர்ந்தார், நேரு 1905 முதல் 1907 வரை படித்தார். இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஜான் லயன் லண்டனுக்குப் போகும் சாலைகளைப் பழுதுபார்க்கவும் சொத்து எழுதிவைத்தார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாணவர் பெயர் செதுக்கிய பழைய வகுப்பறையை வழிகாட்டியோடு போகும் சுற்றுலாவில் மட்டுமே பார்க்கலாம். முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

அடுத்தது குரோவ் ஹில். இறக்கம் செங்குத்து, கைப்பிடிச் சுவர்ப் பக்கமாக மெல்ல இறங்குங்கள். 1899 பெப்ரவரி 25 அன்று ஒரு டெய்ம்லர் மோட்டார் வண்டி இதே இறக்கத்தில் வந்தது. ஓட்டியவர் 31 வயது எட்வின் சூவல். பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் சுமை தாங்காமல் நொறுங்கியது, இருந்தவர்கள் தூக்கி எறியப்பட்டார்கள். சூவல் அங்கேயே இறந்தார். வண்டியை வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்த மேஜர் ரிச்சர் சில நாளில் இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் விபத்தில் ஓட்டுநரே இறந்ததாகப் பதிவான முதல் சம்பவம் இது என்று அங்குள்ள பலகை சொல்கிறது. (பாதசாரி ஒருவர் 1896இலேயே கிரிஸ்டல் பேலஸ் பக்கம் இறந்திருந்தார். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.) 1969இல் பதித்த அந்தப் பலகை 'கவனம்' என்றும் எச்சரிக்கிறது. சின்னது, நடந்து போகிறவர்களே தவறவிடுவார்கள்.

இனி 258 பஸ் பிடித்து ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டோன் நிலையம். 1952 அக்டோபர் 8, காலை 8.19. டிரிங்கிலிருந்து வந்த உள்ளூர் ரயில், வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கியடித்திருக்க, மேடையில் நின்றது. ஸ்கொட்லாந்தின் பேர்த்திலிருந்து வந்த இரவு ரயில் எச்சரிக்கை விளக்கையும் நிறுத்தச் சொன்ன கைகாட்டிகளையும் தாண்டி வந்து அதன் பின்புறத்தில் மோதியது. சில விநாடிகளில் எதிர்ப் பாதையில் வடக்கே போன விரைவு ரயில் அந்தச் சிதைவுக்குள் பாய்ந்தது. 112 பேர் இறந்தார்கள். பேர்த் ரயிலின் ஓட்டுநரும் இறந்தவர்களில் ஒருவர் என்பதால், ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. எச்சரிக்கை விளக்கைத் தாண்டும்போது எஞ்சினுக்குள் ஒலி எழுப்பி, ஓட்டுநர் கவனிக்காவிட்டால் தானே பிரேக் போடும் கருவி கிரேட் வெஸ்டர்ன் ரயில் கம்பனியில் 1906 முதலே இருந்தது. இந்தப் பாதையில் இல்லை. விபத்துக்குப் பிறகுதான் நாடெங்கும் பொருத்தும் வேலை வேகம் பிடித்தது. அன்று உதவிக்கு வந்த அமெரிக்க விமானப்படை மருத்துவக் குழுவில் இருந்த தாதி அபி ஸ்வீட்வைன், சிகிச்சை கொடுத்தவர்களை அடையாளம் காண உதட்டுச் சாயத்தால் நெற்றியில் குறியிட்டார். நிலைய முகப்பில் நினைவுப் பலகை இருக்கிறது.

இத்தனையும் சக்கரத்தின் கணக்கு. நீங்கள் அலுத்துக்கொண்ட வீடுகளும் அதே கணக்கில்தான் வரும். 1880இல் மெட்ரோபொலிட்டன் ரயில் அடிவாரத்தை எட்டியது. அந்தக் கம்பனி கெட்டிக்காரத்தனமாகப் பாதையோரக் காணிகளையும் கையில் வைத்திருந்தது. 1915இல் 'மெட்ரோலாண்ட்' என்று ஒரு பெயரையும் உண்டாக்கி, 1919இல் காணி விற்பதற்கென்றே தனிக் கம்பனியும் தொடங்கியது. வயல்கள் வீடாயின. கிராமத்துப் பண்ணைவீடு மாதிரி இருந்தால் லண்டன்காரர் வாங்குவார்கள் என்று, முகப்பில் கறுப்பு மரச்சட்டம், வெள்ளைச் சாந்து, வெளியே பிதுங்கிய ஜன்னல். அந்தச் சட்டங்கள் கூரையைத் தாங்குவதில்லை. செங்கல் சுவரில் அறைந்த பலகை, அவ்வளவுதான். பூச்சு வெடித்தால் பின்னால் தண்ணீர் தேங்கிப் பலகை உக்கும்.

அசலைப் பார்க்க ஆசையிருந்தால் நிலையத்திலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம் நடந்தால் ஹெட்ஸ்டோன் மேனர். வழியில், 1891இல் திறந்து 2016 வரை இயங்கிய கோடாக் தொழிற்சாலையின் நிலத்தில் இப்போது புதுக் குடியிருப்புகள். மேனர் அகழி சூழ்ந்த வீடு, இன்று அருங்காட்சியகம். முன்பக்கச் செங்கல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது 18ஆம் நூற்றாண்டுப் போர்வை. உள்ளே இருக்கும் மரச்சட்டம் 1310இல் வெட்டிய மரம் என்று வளைய எண்ணிக்கையால் உறுதிசெய்திருக்கிறார்கள். பக்கத்துப் பெரிய களஞ்சியம் 1506இல் கட்டியது. அருங்காட்சியகம் திறக்கும் நாளை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பியதும் மகள் வீட்டு முகப்புச் சட்டத்தை விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள், மாமா. சத்தத்திலேயே தெரியும்.

அன்புடன்,
மருமகன்