நம் ஊர்ப் பெயரைச் சுமந்த விமானம்: மெட்ராஸ் தினக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மெட்ராஸ் தினத்தை ஆண்டுதோறும் முன்னின்று நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 22 நெருங்கினாலே கோட்டையைச் சுற்றி ஒரு நடை, மயிலாப்பூரில் ஒரு நடை, 1914இல் எம்டன் குண்டு போட்ட கதை என்று பட்டியல் தயாராகிவிடும். குறை சொல்லவில்லை, தண்ணீர் பாட்டிலோடு கடைசி வரிசையில் நடந்து வருகிறவர்களில் நானும் ஒருவன். இந்த முறை ஒரே ஒரு மாலையை அலெக் க்ரான்ஸ்விக் என்கிற 24 வயது விமானிக்கு ஒதுக்க முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஆங்கிலேயர். நமக்கு என்ன உறவு என்பீர்கள். அவர் கடைசியாகப் பறந்த படைப்பிரிவின் பெயர் 35 (மெட்ராஸ் பிரெசிடென்சி) ஸ்குவாட்ரன். இரண்டாம் உலகப் போரில் இந்த மாகாணத்திலிருந்து போன யுத்த நிதிக்கு நன்றியாக பிரிட்டனின் விமானப்படையான ராயல் ஏர் ஃபோர்ஸ் சூட்டிய பெயர். மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு, மேலிடத்துக் கெடுபிடிக்கு அஞ்சிக் கொடுத்தவர்களும் உண்டு. இதே பெயரில் சண்டை விமானப் பிரிவுகளும் இருந்தன. 35 மட்டும் இரவில் குண்டு வீசப் போகும் பிரிவு.

1942 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திருகோணமலை என்று ஜப்பான் வரிசையாகக் குண்டு போட, மெட்ராஸே மூட்டை கட்டியது. வீட்டைப் பூட்டிவிட்டு, கிடைத்த ரயிலில் சனம் உள்மாவட்டங்களுக்கு ஓடிய மாதம் அது. அதே மாதக் கடைசியில், நம் ஊர்ப் பெயர் கொண்ட ஹாலிஃபாக்ஸ் விமானங்கள் நார்வேயின் பனிமலைகளுக்கு நடுவே ஒளிந்திருந்த ஜெர்மன் போர்க்கப்பல் டிர்பிட்ஸைத் தாக்கப் போயின. அடிபட்ட ஒன்று உறைந்த ஹோக்லிங்கன் ஏரியின்மேல் வயிறு தேய இறங்கியது. ஆட்கள் பிழைத்தார்கள், பனி உடைந்து விமானம் மூழ்கியது. 1973இல் முக்குளித்து எடுத்தார்கள். இன்று லண்டன் ஹெண்டனில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்தில், பளபளப்பாக்காமல், ஏரி விட்ட கோலத்திலேயே கிடக்கிறது. தகடு நைந்து, உள்ளே விமானத்தின் சட்டகம் எலும்புக்கூடாய்த் தெரிகிறது. நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

க்ரான்ஸ்விக்குக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 35ஆம் பிரிவு அவர் காலத்தில் பாத்ஃபைண்டர் படையில் இருந்தது. கூட்டத்துக்கு முன்னே போய், இருட்டில் இலக்கைத் தேடி, வண்ண வண்ண ஒளிக்குண்டுகளைப் போட்டுக் காட்டுவது அதன் வேலை. சாதாரணக் குண்டுவீச்சுக் குழுவுக்கு 30 பறப்புகள் முடிந்தால் ஓய்வு. இவர் திரும்பத் திரும்பத் தானாகவே கேட்டுப் போய், நூறையும் தாண்டியிருந்தார். 1944 ஜூலை 4 இரவு, பாரிஸுக்குத் தெற்கே வில்நவ் சென் ஜார்ஜ் ரயில் யார்டைத் தாக்கப் போன அவரது லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் திரும்பவில்லை. பாரிஸை ஒட்டிய கிளிஷி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அந்தப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர், மாண்டவர்கள் 55,573. பெரும்பாலும் கல்லூரி வயதுப் பிள்ளைகள்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “அவர்கள் போட்ட குண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் எரிந்ததே, அதைப் பேச மாட்டீர்களா?” என்று கேட்பார். கேட்கட்டும், கேட்க வேண்டும். 1943 ஜூலையில் அங்கே பல்லாயிரம் பேர் வெந்து மடிந்தார்கள். அடுத்தவர் எழுந்து, “ஊரே காந்தியோடு சிறையில் இருந்தபோது இவனுக்கு எதற்கு அஞ்சலி?” என்பார். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. மாலை போடச் சொல்லவில்லை. நம் பணமும் நம் பெயரும் எங்கே போயின, அந்தப் பெயரோடு யார் செத்தார்கள் என்பதை இந்த ஊரில் ஒருமுறையாவது உரக்கச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பெரிய அரங்கு வேண்டாம். மின்விசிறி ஓடும் ஒரு நூலக அறை, நாற்பது நாற்காலி போதும். ஹெண்டனில் எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன; ப்ரொஜெக்டர் மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கடைசி வரிசைக்காரன்