மான் கடித்த கன்றுகள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. 40 மரக்கன்றில் 22 ஒரே இரவில் மொட்டையாகிவிட்டது என்று நீ எழுதியிருந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஆறு வருடம் முன்பு ஒரு விடியற்காலையில் நானும் அப்படித்தான் தோட்டத்து நடுவில் நின்றேன். அந்த வலி எனக்குத் தெரியும்.

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மகள் வேலை மாறியிருக்கிறாள், முன்பைவிட நிம்மதியாக இருக்கிறாள். மற்றதை நேரில் பேசலாம். இனி உன் தோட்டத்து விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், கடித்தது மான்தானா என்று உறுதி செய்துகொள். கடிபட்ட நுனி ஒன்றை ஒடித்துக் கையில் வைத்துப் பார். முயல் கடித்திருந்தால் கத்தியால் சாய்வாக நறுக்கியது போல மழமழவென்று இருக்கும். மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே கவ்வி இழுத்துப் பிய்க்கும். அதனால் நுனி நார் நாராகக் கிழிந்திருக்கும். இடுப்புக்கு மேலேயும் கிழிந்த நுனி இருந்தால் சந்தேகமே வேண்டாம். பிளவுபட்ட குளம்புத் தடமும் பக்கத்திலேயே எங்காவது இருக்கும்.

நுனி போனதற்காகக் கன்றைப் பிடுங்கிவிடாதே. அடியில் உயிர் இருந்தால் துளிர்த்துவிடும். நடுத்தண்டு போனதால் நாலைந்து கிளை ஒன்றாகக் கிளம்பும். அவற்றில் நேராகவும் வலுவாகவும் இருப்பதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடு. ஒன்று மட்டும் கவனி: ஒட்டுக்கன்று என்றால் துளிர் ஒட்டுக்கு மேலே வருகிறதா, கீழே வருகிறதா என்று பார். கீழேயிருந்து வருவதை வளரவிட்டால் நீ நட்ட ரகம் கிடைக்காது, அடிச்செடிதான் வளரும்.

எனக்குக் கவலை தருவது நீ கடைசியில் எழுதிய அந்த மரம்தான். மணிக்கட்டுப் பருமன், பட்டை உரிந்து தொங்குகிறது என்றாயே, அது தின்றதால் வந்த காயமில்லை. ஆண்மான் கொம்பைத் தேய்த்திருக்கிறது. கொம்பு முற்றியதும் அதன்மேல் மூடியிருக்கும் மெல்லிய தோலை உரிக்க மரத்தில் தேய்க்கும். இணை சேரும் காலத்தில் தன் வாசனையை விட்டுப்போகவும் தேய்க்கும். வளைந்து கொடுக்கும் இளமரம்தான் அதற்குத் தோது. இலையில் செய்த சாப்பாடு பட்டையின் உள்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டை சுற்றிலும் போய்விட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் செத்துவிடும். சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை மிச்சமிருந்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். தொங்கும் பட்டையைக் கூரான கத்தியால் நல்ல பட்டை வரை சீராக வெட்டிவிடு. மேலே எதுவும் பூசாதே, காற்றாடக் காயட்டும்.

சரி, இனி வராமல் தடுப்பதற்கு வருகிறேன். வாசனை வைத்தியத்தை நானும் ஒரு வருடம் முழுக்கச் செய்து பார்த்தேன். அழுகிய முட்டைக் கரைசல், சோப்புக்கட்டி, தலைமுடி என்று எதையும் விடவில்லை. முதல் சில வாரம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மழை வந்தது, கழுவிப் போனது. தெளித்த பிறகு விட்ட கொழுந்தில் மருந்து இருக்காதே, மானுக்குப் பிடித்ததும் அந்தக் கொழுந்துதான். வேறு தீனி கிடைக்காத காலத்தில் எந்த நாற்றத்தையும் அது பொருட்படுத்துவதில்லை. விளக்கு, சத்தம் எல்லாம் பழகிப்போகும். வேலி போடும்வரை நாள் கடத்த இவை உதவும், அவ்வளவுதான்.

வேலி என்றால் 8 அடி உயரம் வேண்டும். 6 அடி போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதே, தாண்டிவிடும். இன்னொரு வழியும் உண்டு. 4, 5 அடி உயரத்தில் இரண்டு வரிசை வேலி, நடுவில் 4, 5 அடி இடைவெளி. மான் உயரமாகவும் தாண்டும், தூரமாகவும் தாண்டும், ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே தாவலில் செய்ய அதற்குத் தயக்கம். எந்த வேலியானாலும் அடியைப் பார். மான் தாவுவதற்கு முன் நுழையத்தான் பார்க்கும். தரைக்கும் வலைக்கும் நடுவே அரை அடிக்கு மேல் சந்து இருக்கக்கூடாது.

தோட்டம் முழுக்க வேலி போட இப்போது கையில் வசதி இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் கன்றுக்கு ஒரு வட்டக் கூண்டாகப் போடு. நான் செய்த தப்பைச் செய்யாதே. கம்பிவலையை மிச்சம் பிடிக்க 2 அடி அகலத்தில் கூண்டு போட்டேன். மான் நெஞ்சால் வலையை அமுக்கிச் சாய்த்து, கண்ணி வழியே நுனியையெல்லாம் தின்றுவிட்டது. அகலம் 4 அடி, உயரம் 5 அடி இருக்கட்டும். ஒரு கூண்டுக்குச் சுமார் பன்னிரண்டரை அடி நீள வலை பிடிக்கும். எதிரெதிரே இரண்டு முட்டுக்கம்பாவது ஆழமாக அடித்துக் கட்டு. களை எடுக்க ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்டும்படி விடு. கிளைகள் 6 அடிக்கு மேல் போனதும் கூண்டை எடுத்துவிடலாம். ஆனால் கொம்பு உரசும் வயது மரத்துக்கு அப்போதுதான் வரும், அதனால் அடிமரத்தைச் சுற்றி 4 அடிக்கு வலை இருக்கட்டும். மரம் பருக்கப் பருக்க அதைத் தளர்த்த மறந்துவிடாதே.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். மான் சாகும், நாய் சாகும், இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வந்த மனிதரும் சாவார். மின்வேலி என்பது வேறு. அதற்கென்று உள்ள கருவி நொடிக்கு ஒரு தடவை மிகச் சின்ன நேரத்துக்குத்தான் அதிர்ச்சி தரும். அதை வைப்பதானாலும் உங்கள் பக்கத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரித்துவிட்டு வை.

தொய்ந்து தொங்கும் நைலான் வலையும் வேண்டாம். என் தோட்டத்தில் ஒரு ஆண்மான் கொம்பில் வலை சுற்றிக்கொண்டு கிடந்தது. இரவு முழுக்கத் திமிறியிருக்கும் போலிருக்கிறது, சுற்றிலும் மண் உழுதது போலக் கிளறிக் கிடந்தது. அதன் கண்ணை ஒரு துணியால் மூடி, நானும் பக்கத்துத் தோட்டக்காரரும் கயிறு கயிறாக அறுத்துவிட்டோம். விட்ட பிறகும் சற்று நேரம் கால் நடுங்க அப்படியே நின்றது. அன்றைக்கு வலையை எல்லாம் கழற்றிப்போட்டேன். இப்போது இறுக்கமான கம்பிவலைதான், தூரத்திலேயே தெரியும்படி வெள்ளைத் துணிக் கீற்றுகளும் கட்டியிருக்கிறேன்.

அப்புறம், விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கிவிடு. வழி பழகிவிட்டால் தினமும் அதே வழியில் வரும். அதனால் மிச்சமிருக்கும் 18 கன்றுக்கு இந்த வாரமே கூண்டு போட்டுவிடு, கடிபட்டவை துளிர்க்கத் தொடங்கியதும் அவற்றுக்குப் போடலாம்.

அந்த மணிக்கட்டுப் பருமன் மரத்தை மட்டும் வெட்டாதே. சுற்றிலும் உரிந்திருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. அதே மரத்தின் பென்சில் பருமன் குச்சிகளைச் சீவி, காயத்துக்குக் கீழே ஒரு முனையும் மேலே ஒரு முனையுமாகப் பட்டைக்குள் செருகிப் பாலம் போல ஒட்டுக் கட்டலாம். குச்சியின் நுனிப்பக்கம் மேலேயே இருக்க வேண்டும், திருப்பிச் செருகினால் பிடிக்காது. மரத்தில் சாறு ஓடிப் பட்டை இளகும் சமயமாக இருக்க வேண்டும். துளிர் கண் விழித்ததும் எனக்கு ஒரு வரி எழுது. ஒட்டுக்கத்தியும் மெழுகும் எடுத்துக்கொண்டு வருகிறேன், இரண்டு பேரும் சேர்ந்தே கட்டுவோம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்