சாவியோடு தாளையும் வாங்கிப் பார்

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை என்று அலைந்ததில் தள்ளிப்போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று காலை நாள்காட்டியின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் வாசித்துக் காட்டினார். உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொன்னேன். "அந்தச் சின்னப் பொண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

உன் கடிதத்தில் போகிற போக்கில் நீ எழுதிய ஒரு வரிதான் என்னை விடவே இல்லை. மகளைப் புது ஊரில் கொண்டுபோய் விட, மைத்துனர் காரை நான்கு நாள் வாங்கிக்கொண்டு போவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாகப் போய் வா. ஆனால் சாவியை வாங்கும்போதே இன்சூரன்ஸ் தாளையும் வாங்கிப் பார்த்துவிடு. நான் இப்படி வற்புறுத்த ஒரு காரணம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் உன்னிடம்கூட அதை முழுதாகச் சொன்னதில்லை.

நீ வேலை மாறிப் போன மறு வருடம். கூட வேலை பார்த்த ஒருவரிடம் ஒரு நாளைக்குக் காரை இரவல் வாங்கினேன். மழை விட்டிருந்தது, சாலை முழுக்க ஈரம். முன்னால் போனவர் சட்டென்று பிரேக் போட்டார், நானும் போட்டேன். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் இடித்துவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் காரின் பின் பம்பர் உடைந்தது. நான் ஓட்டிய காரின் முன்பக்கம் ரேடியேட்டர் வரை உள்ளே போயிருந்தது. ஓரமாக நிறுத்தி டேஷ்போர்டைத் திறந்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த பாலிசி. மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்தே அழிந்திருந்தது. நண்பருக்குப் போன் போட்டு, "இன்சூரன்ஸ் இருக்குல்ல?" என்று கேட்டேன். "இருக்கு, இருக்கு, கவலைப்படாதே" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. இருந்தது. தர்ட் பார்ட்டி மட்டும் இருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த வித்தியாசமே புரிந்தது. தர்ட் பார்ட்டி என்பது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் காயத்துக்கும் சேதத்துக்கும் ஈடுகட்டுவது. பெரும்பாலான நாடுகளில் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது அதை மட்டும்தான். நாம் ஓட்டுகிற வண்டியே நசுங்கினால் அதிலிருந்து ஒரு காசு வராது. அதற்கு ஓன் டேமேஜ் பகுதியும் சேர்ந்த முழுக் காப்பீடு வேண்டும். பம்பர் உடைந்தவருக்குப் பணம் கிடைத்துவிட்டது. நண்பரின் காரை டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்து நிறுத்த, ஏழு மாதம் என் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ஆனால் தினமும் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், அதற்குப் பிறகு தனித்தனியாகச் சாப்பிட்டோம். அந்தப் பணம் எனக்கு மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

அதனால் "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று மட்டும் மைத்துனரிடம் கேட்காதே. எந்த வகை, எது வரைக்கும், யார் ஓட்டலாம் என்று கேள்.

தேதியை நிதானமாகப் பார். இந்தியாவில் 2018 செப்டம்பரிலிருந்து, புதுக் கார் வாங்கும்போதே தர்ட் பார்ட்டியை 3 வருடத்துக்கும், புது டூவீலர் என்றால் 5 வருடத்துக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். ஓன் டேமேஜை வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளலாம். இப்படி எடுத்த பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். தூரத்தில் இருக்கும் தேதி கண்ணில் பட்டதும் எல்லாம் நடப்பில் இருப்பதாக நினைத்துவிடுவோம். ஓன் டேமேஜ் போன வருடமே முடிந்திருக்கலாம். மைத்துனருக்கே அது நினைவில் இல்லாமல் இருக்கலாம்.

யார் ஓட்டலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் பொதுவாகக் காப்பீடு வண்டியோடு போகும். உரிமையாளர் சம்மதத்தோடு, அந்த வகை வண்டிக்குச் செல்லத்தக்க லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் பாலிசி பொருந்தும். பிரிட்டனில் பெரும்பாலும் பாலிசியில் பெயர் உள்ளவர்கள்தான் ஓட்டலாம். பெயர் இல்லையென்றால், உரிமையாளரே சாவியைக் கொடுத்தாலும் அது இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகிவிடும். உன் சொந்தப் பாலிசியில் அடுத்தவர் காரையும் ஓட்டலாம் என்று ஒரு வரி இருந்தாலும், அது பெரும்பாலும் தர்ட் பார்ட்டிக்கு மட்டும்தான். எங்கே இருந்தாலும் பாலிசியில் 'ஓட்ட உரிமையுள்ளவர்' என்ற பகுதியைத் தேடி ஒருமுறை வாசித்துவிடு. நாலே வரிதான் இருக்கும். அதன் பக்கத்திலேயே வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம் என்றும் போட்டிருக்கும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த காரில் வாடகைக்கு ஆள் ஏற்றினால் கிளைம் நிற்காது.

மகளும் நடுவில் கொஞ்ச தூரம் ஓட்டுவாள் என்று எழுதியிருந்தாய். அவள் லைசென்ஸையும் எடுத்துப் பார். வயது குறைந்தவர்களோ லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச காலமே ஆனவர்களோ ஓட்டும்போது விபத்து நடந்தால், கிளைமில் நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கைப் பல பாலிசிகள் கூட்டி வைத்திருக்கின்றன.

இனி சொல்லப்போவதுதான் எனக்குப் பெரிய கவலை. வண்டியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், ஓட்டுகிற உனக்கு அடிபட்டால்? தர்ட் பார்ட்டி உனக்கு இல்லை, அடுத்தவருக்கு. உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, பெயருக்கேற்ப உரிமையாளருக்குத்தான். 2009-இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒருவர் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, முன்னால் போன மாட்டுவண்டி திடீரென்று நின்றுவிட, அதில் மோதி இறந்துபோனார். இரவல் வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் என்றது நீதிமன்றம். யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கும் சட்டப்பிரிவின் கீழ், அந்த வண்டியின் இன்சூரன்ஸிடம் அவர் குடும்பம் கேட்க முடியாது என்றும் சொன்னது. 2020-லும் இன்னொரு வழக்கில் இதையே திரும்பச் சொன்னது. முதன்முறை அதைப் படித்தபோது மழை ஈரத்தில் வழுக்கிய அந்தக் காரில் நான் உட்கார்ந்திருந்ததுதான் நினைவுக்கு வந்தது. உன் பெயரில் தனியாக விபத்துக் காப்பீடு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது நடப்பில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் கிளம்புமுன் எடுத்துவிடு. நீ இதைத் தள்ளிப்போடுவாய் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேட்க உனக்குக் கூச்சமாக இருக்கும். சொந்தக்காரர் மனம் கோணாமல் வண்டி தருகிறார், அவரிடம் போய்த் தாளைக் கேட்பதா என்று தோன்றும். எனக்கும் அன்று அதுதான் தோன்றியது. "மச்சான், பாலிசி காப்பியைப் போன்ல அனுப்பிடுங்க, வழியில யாராவது கேட்டா கையில இருக்கட்டும்" என்று சொல்லிப் பார். எவருக்கும் தப்பாகப் படாது. ஆர்.சி. படத்தையும் சேர்த்துக் கேள். அவர் அந்தக் காரைப் பழையதாக வாங்கியவர் என்று நினைவு. பாலிசி அவர் பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பார்க்க அது உதவும்.

அப்படியே இன்னொன்றையும் வாய்விட்டுப் பேசிவிடுங்கள். ஏதாவது உரசல் ஆனால் கிளைம் போடுவதா, நீயே கைப்பணத்தில் சரிசெய்து கொடுப்பதா? கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸை இழப்பது அவர்தான். இந்தியாவில் ஐந்து வருடம் தொடர்ந்து கிளைம் இல்லாதவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். ஒரே கிளைமில் அது கரைந்துவிடும். அதை ஈடுகட்டுவது உன் பொறுப்பு என்று நீயே முதலில் சொல்லிவிட்டால், வண்டி கொடுக்கிறவருக்கு மனது லேசாக இருக்கும்.

படம் வந்ததும் எனக்கும் அனுப்பிவை, நானும் ஒருமுறை பார்க்கிறேன். மகளுக்கு என் ஆசிகளைச் சொல். போகும் வழியில் எங்கள் வீட்டுப் பக்கம் வரமுடியுமா என்று அப்பா கேட்கச் சொன்னார். அவருக்கு அவளைப் புதுக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்