தரங்கம்பாடியின் பெயரைச் சுமக்கும் நண்டு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த களி நண்டுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அலையாத்திக் காட்டுக்குள் முழங்கால் சேற்றில் நின்று, கொக்கிக் கம்பியை வளைக்குள் விட்டு நண்டை இழுக்கும் இடம் கண்ணெதிரே நடப்பது போல இருந்தது. ஆனால் படங்களுக்குக் கீழே போட்ட அறிவியல் பெயர்கள் தவறு. பெரிய பச்சை நண்டை 'சில்லா டிராங்க்பேரிகா' என்றும், கொடுக்கு சிவந்த சின்ன நண்டை 'சில்லா செரேட்டா' என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள்.

கட்டுரையாளரைக் குறை சொல்ல எழுதவில்லை. இதே பெயர்களைத்தான் நானும் 22 வருடம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் துறை அருங்காட்சியகத்தில் ஃபார்மலின் ஜாடியில் ஒரு பெரிய நண்டு இருந்தது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் 'டிராங்க்பேரிகா' என்று மசியால் எழுதியிருக்கும். டிராங்க்பார் என்றால் நம் தரங்கம்பாடி. நம்ம ஊர்ப் பெயர் உலகம் முழுக்க ஒரு நண்டோடு போகிறது என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வேன். அந்தப் பெருமை பொய்யில்லை. தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலத்தில், 1798-இல், ஐரோப்பாவில் இருந்த ஃபாப்ரிசியஸ் என்ற விலங்கியலாளர் ஒரு நண்டுக்கு இந்த ஊரின் பெயரை வைத்தார். அதற்கு முன்பே, 1775-இல், செங்கடல் நண்டு ஒன்றுக்கு ஃபோர்ஸ்கால் வைத்த பெயர்தான் செரேட்டா. பெயர்கள் சரிதான். எந்தப் பெயர் எந்த நண்டுக்கு என்பதில்தான் நாம் தடுமாறிவிட்டோம்.

1998-இல் கீனன், டேவி, மான் என்ற மூன்று பேர் இந்தச் சிக்கலை எடுத்தார்கள். ஓட்டின் வடிவம், முள், நிறம் ஆகியவற்றோடு புரதங்களையும், செல்லுக்குள் சக்தி உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு ஜீன்களையும் சேர்த்துப் பார்த்து, களி நண்டில் நான்கு இனங்கள் உண்டு என்று நிறுவினார்கள்: செரேட்டா, டிராங்க்பேரிகா, ஒலிவேசியா, பாரமமோசைன். அப்புறம் நம் நாட்டு ஆய்வாளர்களும் இந்தியக் கடற்கரைகளில் பல இடங்களில் நண்டு எடுத்து மைட்டோகாண்ட்ரியா ஜீன்களை ஒப்பிட்டார்கள். நம் புத்தகங்கள் டிராங்க்பேரிகா என்று சொல்லிவந்த பெரிய நண்டு பெரும்பாலும் செரேட்டா என்றும், செரேட்டா என்று சொன்ன சின்னது ஒலிவேசியா என்றும் தெரியவந்தது. இதில் என் மனதைத் தொட்டது ஒன்று உண்டு. நண்டு ஏற்றுமதி செய்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. 'கிரீன்', 'ரெட்' என்று தனித்தனிக் கூடையில்தான் போட்டார்கள். குழப்பம் எங்களைப் போல் புத்தகம் பார்த்துச் சொன்னவர்களுக்குத்தான்.

கட்டுரையின் கடைசியில், டி.என்.ஏ. ஆராய்ச்சி மீனவருக்கும் வளர்ப்பவருக்கும் சம்பந்தமில்லாதது என்கிற மாதிரி ஒரு வரி வருகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. என் சித்தப்பா மகன் உப்பனாற்றங்கரையில் குளம் வெட்டி நண்டு வளர்த்தான். ஒரு வியாபாரி 'பெரிய ரகம்' என்று சொல்லிக் கொடுத்த குஞ்சுகளை நம்பி விட்டான். நகத்தளவுக் குஞ்சில் எது எந்த இனம் என்று யாருக்குத் தெரியும்? மாதக்கணக்கில் கழிவு மீன் வாங்கிப் போட்டு, கடைசியில் பிடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சிவப்புக் கொடுக்கு. பெரிய இனம் இரண்டு கிலோவைத் தாண்டும். சின்னது அந்த எடைக்கு வரவே வராது. சினைக்கு வரும் அளவும் இரண்டுக்கும் வேறு. பெயர் மாறிக் கிடந்தால், எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று போடும் விதியும் தவறான நண்டின் மேல்தான் போய் உட்காரும்.

மைட்டோகாண்ட்ரியாவை ஏன் பார்க்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு செல்லிலும் இது ஏராளமாக இருக்கிறது. அதனால் ஒரு காலின் சின்னத் துண்டு சதையே போதும். வட்ட வடிவ டி.என்.ஏ., நண்டுகளில் ஏறக்குறைய 16,000 எழுத்து நீளம், 37 ஜீன்கள். தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வருவதால் தாய்வழியைக் கலப்பில்லாமல் பின்னோக்கிப் படிக்கலாம். எங்கள் ஜாடி நண்டைச் சோதிக்கலாமா என்று பழைய மாணவி ஒருத்தியைக் கேட்டேன். ஃபார்மலின் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும் டீச்சர், புதுசா ஒன்று வாங்குங்கள் என்றாள். ஏலக்கூடத்தில் அதே மாதிரிப் பெரிய நண்டு ஒன்றை வாங்கினேன். அவள் கடைசிக் காலின் ஒரு கணுவை வெட்டி, விரல் நீளக் குப்பியில் ஆல்கஹாலில் போட்டு எடுத்துப் போனாள். மூன்று வாரம் கழித்து ஃபோன் வந்தது: செரேட்டா. அன்று சாயங்காலமே கல்லூரிக்குப் போய் அனுமதி கேட்டு, ஜாடிச் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன்.

ஒரு ஜீனை மட்டும் நம்பினால் சில சமயம் ஏமாறவும் வாய்ப்புண்டு. மைட்டோகாண்ட்ரியா ஜீனின் பழைய நகல்கள் செல்லின் உட்கருவுக்குள் போய்த் தங்கிவிடுவதுண்டு. அதைப் படித்துவிட்டு இல்லாத உறவைச் சொல்லிவிடலாம். அதனால்தான் இப்போது 37 ஜீன்களையும் முழுசாகப் படிக்கிறார்கள். எழுத்துகளை மட்டுமல்ல, ஜீன்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையையும் பார்க்கிறார்கள். களி நண்டு மாதிரியான உண்மை நண்டுகளில் ஹிஸ்டிடின் அமினோ அமிலத்தைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வுக்கான குட்டி ஜீன், பழைய இடத்தை விட்டு நகர்ந்து வேறு இரண்டு ஜீன்களுக்கு நடுவில் இருக்கிறது. இறாலில் அப்படி இல்லை. குடும்பச் சொத்துப் பத்திரத்தில் இருக்கும் பழைய கையெழுத்து மாதிரி இது. உங்கள் கட்டுரையில் பெட்டிச் செய்தியாக வந்த அலாஸ்கா ராஜ நண்டு உண்மை நண்டின் கிளையே அல்ல. சங்குக்குள் வாழும் துறவி நண்டின் வழியில் வந்தது என்று 1992-இல் மைட்டோகாண்ட்ரியா ஜீனை வைத்தே காட்டினார்கள். பெண் ராஜ நண்டைப் புரட்டிப் பார்த்தால் வயிற்று மடல் ஒரு பக்கமாகக் கோணியிருக்கும். சங்குக்குள் சுருண்ட உடம்பின் மிச்சம் அது.

நீலக்கால் நண்டிலும் இதே கதைதான். பெலாஜிகஸ் என்று எல்லோரும் சொல்லிவந்ததை 2010-இல் நான்கு இனமாகப் பிரித்துவிட்டார்கள். வங்கக் கடலில் நம் பக்கம் கிடைப்பதற்கு ரெடிகுலேட்டஸ் என்று பெயர்.

அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். போடும்போது ஒரு படமும் சேருங்கள். கொடுக்குக்கு முந்திய மூட்டு, நம் மணிக்கட்டு மாதிரி இருக்குமே, அதன் வெளிப்புறத்தைக் கிட்டத்தில் எடுத்த படம். செரேட்டாவில் அங்கே இரண்டு முள் கூர்மையாக நிற்கும். கால்கள் எல்லாவற்றிலும் வலைப்பின்னல் கோலம் இருக்கும். ஒலிவேசியாவில் அந்த முள் மழுங்கியோ இல்லாமலோ போயிருக்கும், காலில் கோலம் இருக்காது. டிராங்க்பேரிகாவுக்கும் மணிக்கட்டில் இரண்டு முள் உண்டு. பழைய புத்தகங்கள் வழுக்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கயிறு கட்டின நண்டைப் படம் எடுக்கச் சொல்லாதீர்கள். கட்டும்போது கயிறு சரியாக அந்த மூட்டின் மேலேதான் விழும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
மயிலாடுதுறை.