கைப்பையில் வைத்துக்கொள், அம்மா

டாண்டினாங், மெல்போர்ன்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதிய கடிதம் வியாழக்கிழமை வந்தது. "போன்ல சொன்னா மறந்துடும், எல்லாத்தையும் தாள்ல எழுதி அனுப்பு, பையில வச்சிக்கிறேன்" என்று கேட்டிருக்கிறாய். மூன்று வாரமாக நான் பேசாததற்குத் திட்டியதையும் அவள் ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறாள். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தால் நாள் போய்விடுகிறது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஆடி பிறக்கும் முன் கிளம்ப வேண்டும் என்றாய், ஆனி 28-க்கு டிக்கெட் போட்டுவிட்டேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கே விமானம் மாறி மெல்போர்ன். சிங்கப்பூரில் ஒன்பது மணி நேரம் இருக்க வேண்டியிருக்கும். நீ காலை நீட்டி ஓய்வெடுக்கத்தான் அப்படிப் பார்த்தேன். முதல் விமானத்துக்கு மட்டும் சாப்பாடு சொல்லியிருக்கிறேன். இரண்டாவதில் எப்படியும் தூங்கிவிடுவாய். புளியோதரை கட்டிக்கொண்டு வா, ஆனால் இறங்குவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடு.

டிக்கெட்டில் வீல்சேர் கேட்டிருக்கிறேன். கோபப்படாதே. நீ நாலு மைல் நடப்பவள் என்று எனக்குத் தெரியும். இதற்குக் காசு கிடையாது, தள்ளிக்கொண்டு போகிறவரே உன்னைச் சரியான கேட்டில் கொண்டுபோய் விடுவார். இங்கிலீஷ் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி, வாய்விட்டுத் தமிழில் கேள். இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் இங்கிலீஷில் உன் பெயர், என் நம்பர், எங்கே போகிறாய் என்று எழுதி வைத்திருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

பெட்டியைப் பாய் கடைத் தராசில் நிறுத்துப் பார், டிக்கெட்டில் போட்டிருக்கும் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கைப்பிடியில் அப்பாவுடைய மஞ்சள் துண்டைக் கிழித்துக் கட்டு. பெல்ட்டில் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி கறுப்பாகத்தான் வரும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைப் பெட்டியில் போடாதே, அட்டையோடு கைப்பையில் வை, டாக்டர் சீட்டும் கூடவே. மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். தேங்காயெண்ணெய், ஊறுகாய் எல்லாம் பெட்டிக்குள் போகட்டும், கையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பவர் பேங்க் மட்டும் நேர்மாறு, அது கையில்தான் இருக்க வேண்டும். கொப்பரை வேண்டவே வேண்டாம், எண்ணெய்ப் பசை, தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூரில் கேட்டுக்குள் போகும்போது மறுபடியும் சோதனை உண்டு. தண்ணீர் பாட்டிலை அதற்கு முன் காலி செய்துவிடு.

விமானத்துக்குள்ளே காற்றழுத்தம் கொடைக்கானல் மலைமேல் இருப்பது போலக் குறைவாக இருக்கும். ஈரப்பதமும் இருக்காது, தொண்டை வறளும். அடிக்கடி தண்ணீர் குடி. பாத்ரூம் போக வெட்கப்பட்டுக் குடிக்காமல் இருந்துவிடாதே. கிளம்புவதற்கு முதல் நாள் மொச்சை, உருளைக்கிழங்கு வேண்டாம், வயிறு உப்பும். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும், புளிப்பு மிட்டாய் சப்பிக்கொண்டிரு. மணிக்கொரு தரம் எழுந்து நட, கால் வீங்காது. ஜன்னல் பக்கம் கிடைத்தால் திருச்சியில் மேலே ஏறியதும் கீழே பார். காவிரியும் கொள்ளிடமும் இரண்டு பக்கமும் ஓட நடுவில் ஸ்ரீரங்கம் தெரிந்தாலும் தெரியும். நான் வந்த அன்றைக்கு ராத்திரி, ஒன்றும் தெரியவில்லை.

இதைத் தங்கச்சியை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல். மெல்போர்னில் இறங்குமுன் ஒரு சீட்டு கொடுப்பார்கள். சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டிருக்கும். 'ஆமாம்' என்ற கட்டத்தில் குறி போடு. கூழ் வடகம் ஒரு பொட்டலம் இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். சொன்னால் பிரித்துப் பார்ப்பார்கள், பிடிக்காததை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம். மோப்ப நாய் வேறு வரும். முப்பது நாளுக்குள் பண்ணை, மாடு கன்று பக்கம் போனாயா என்றும் கேட்டிருக்கும். அதற்கும் 'ஆமாம்'தான், நீ தினம் தொழுவத்தில்தானே இருக்கிறாய்! செருப்பில் சாணி, மண் இல்லாமல் தேய்த்துக் கழுவிப் போட்டுக்கொள். கறிவேப்பிலை, முருங்கை விதை, கத்தரி விதை எதுவும் கூடாது. கிளம்பும்போது கீழத்தெரு அத்தை தலை நிறைய மல்லிகை வைத்துவிடுவாள். வைத்துக்கொள், ஆனால் சிங்கப்பூரிலேயே எடுத்துப் போட்டுவிடு. பூவையும் இங்கே விடமாட்டார்கள்.

இப்போது இங்கே குளிர்காலம், விடியற்காலை ஐந்து டிகிரி. ஹீட்டர் போட்டால் எனக்குத் தலைவலி வருகிறது, அதனால் நான் போடுவதில்லை. நீ வந்ததும் போடுவோம். பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்கப் பாட்டி இருக்கிறாள். வேலிக்கு மேலே எலுமிச்சம்பழத்தை எறிவாள், கூப்பிட்டுக் கொடுக்க மாட்டாள், எறிவாள்! போன வாரம் ஒன்று என் மண்டையில் விழுந்தது. 1960-களில் கப்பலேறி வந்தவளாம். உங்கம்மா எத்தனை நாளில் வருவாள் என்று கேட்டாள். ஒரே நாள் என்றேன். சிரித்துவிட்டு, தன் அம்மா வரவே இல்லை என்றாள். அதற்கப்புறம் அன்றைக்கு எனக்கு ஷிப்டில் வேலையே ஓடவில்லை.

என்ன கொண்டுவர என்று கேட்டிருந்தாய். ஒன்றும் வேண்டாம், இங்கே எல்லாம் கிடைக்கிறது. விமானத்துக்குள் குளிரும், போர்த்திக்கொள்ள உன் பழைய நூல் சேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொள். சோப்புப் போட்டு ரொம்பத் துவைக்காதே. போகும்போது அதை இங்கேயே விட்டுவிட்டுப் போ.

தங்கச்சி காலேஜ் பீஸ் 15-ஆம் தேதிக்கு மேல் அனுப்புகிறேன். சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள், அதனால்தான். சின்ன மாமாவிடம் கேட்க வேண்டாம், அவர் ஊரெல்லாம் சொல்லுவார். நீ இல்லாத மூன்று மாதமும் அவள் அத்தை வீட்டில் இருக்கட்டும். சினைமாட்டைப் பால்கார அண்ணனிடம் விடு, கன்று ஈன்றால் சீம்பால் அவருக்கு, கன்று நமக்கு என்று இப்போதே பேசிவிடு. நீ ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் பெரியப்பா கொல்லைப் பட்டாவை மாற்றப் பார்ப்பார். மூலப்பத்திரம் பீரோவில் இருக்க வேண்டாம், அத்தையிடம் கொடுத்துவிட்டு வா. கிளம்புவதற்குள் அவர் ஏதாவது தாளை நீட்டினால் கண்ணாடி இல்லை என்று சொல், கையெழுத்துப் போடாதே.

இப்படிக்கு,
உன் மூத்தவன்

பி.கு: பீரோ சாவியையும் அத்தையிடம் கொடு. மாமாவிடம் வேண்டாம்.